பின்னறை விளக்கும் திரும்பும் கம்பியும்

மழை ஓய்ந்த ஒரு பிற்பகல். துலாமாதத்து இடி தெற்கே எங்கோ உருண்டுகொண்டிருந்தது. வலியசாலையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன். வாசலருகே புதிதாகப் பொருத்தியிருந்த மின்பெட்டிக்குள் 'டக்' என்று ஓர் ஒலி. தலைக்கு மேல் மின்விசிறி தளர்ந்து, கடைசிச் சுற்றைத் தயங்கித் தயங்கி முடித்தது.

அந்த அமைதியில், பொதுச்சுவருக்கு அப்பாலிருந்து மன்னியின் குரல் தெளிவாகக் கேட்டது. மன்னி என் அண்ணாவின் மனைவி. சுவருக்கு அப்பாலுள்ள பாதி வீடு அவர்களுடையது.

"அணைச்சுட்டான். பார்த்தேளா? மிஷினைப் போட்டேன், உடனே அணைச்சுட்டான்."

சுவருக்கு இந்தப் பக்கம் என் மனைவி கோமதி, ஈரக்கையைத் துடைத்தபடி அடுக்களையிலிருந்து வந்தாள்.

"இழுத்துட்டா. பார்த்தேளா? அங்கே மிஷினைப் போட்டா, நம்ம கரண்டை இழுத்துட்டா."

நிகழ்ச்சி ஒன்று, வழக்கு இரண்டு. நாங்கள் வேண்டுமென்றே அணைக்கிறோம் என்பது அவர்களுடைய ஐயம். அவர்கள் திருடுகிறார்கள் என்பது எங்களுடைய ஐயம். நடுவே நின்றது பழைய செங்கல்லும் சுண்ணாம்பும்.

ஒரே வாரத்தில் வந்தவை

அண்ணாவுக்கு நுரையீரல் நோய். மருத்துவமனையிலிருந்து அவர் வீடு திரும்பியபோது, அறைக்காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்றும் உடன் வந்தது. குளியலறை ஒட்டியிருந்தது பின்னறையோடுதான். எழுந்து நடக்க இயலாதவருக்குக் கட்டில் அங்கேதான் போடவேண்டும், இயந்திரமும் அங்கேதான் நிற்கவேண்டும். வேறு அறையிலிருந்து நீளக்கம்பி இழுத்து அதை ஓட்டலாகாது என்று, கொண்டுவந்தவர் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். இயந்திரம் நின்றால் கைகொடுக்கக் கட்டிலருகே ஓர் ஆக்ஸிஜன் உருளை இருந்தது. உருளையும் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை இரு வீட்டிலும் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை.

அதே வாரத்தில் எங்கள் மாடியில் சூரிய மின்பலகைகள் ஏறின. அவற்றோடு, விதிப்படி, புதிய மின்பெட்டியும் அதற்குள் ஒரு கசிவுக் காவற்கருவியும் வந்தன. ஊரில் எல்லோரும் அதை ஈஎல்சிபி என்பார்கள். அதற்கு முன் எங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்ததில்லை.

இரண்டும் ஒரே வாரத்தில் வந்தது தற்செயல்தான். ஆனால் ஐயப்படுகிறவர்களுக்குத் தற்செயல் என்று ஒன்று கிடையாது.

"மொட்டைமாடியிலே தட்டு வெச்சிருக்கேளே, அது வெயிலை மட்டுந்தான் இழுக்கறதா?" என்று கோயில் பிராகாரத்தில் மன்னி கோமதியை மடக்கினாளாம்.

"வெயில் இல்லாத நாள்ள பக்கத்தாத்தையும் சேர்த்து இழுக்கும், மன்னி. ஜாக்கிரதையா இருங்கோ" என்று கோமதி சொல்லிவிட்டு வந்தாள். வேடிக்கைக்குச் சொன்னதுதான். அந்தத் தெருவில் அது வேடிக்கையாகப் போய்ச் சேரவில்லை.

அண்ணாவுக்கும் எனக்கும் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. தந்தையார் உயிரோடிருந்தபோதே வீடு நெடுக்காக இரண்டாயிற்று. சுவர் எழுந்து சில மாதங்களில் அண்ணா என் வீட்டுப் படியேறுவதை நிறுத்திக்கொண்டார். எதிரில் கண்டால் தலையை அசைப்பார். ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமில்லே" என்பார். அந்த ஒண்ணுமில்லாதது எங்கள் இருவருக்கும் தலை நரைக்கும்வரை நீடித்தது.

காலி இருக்கை இறங்கிப் போகுமா?

கல்லூரியில் பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். அதிலும் குறைக்கடத்திகள் என் பங்குக்கு வந்த பாடம். சிலிக்கான் படிகத்தில் ஓர் எலக்ட்ரான் தன் இடத்தைவிட்டுப் பெயர்ந்தால், அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அதைத் துளை என்போம். பக்கத்து எலக்ட்ரான் வந்து அதை நிரப்பினால், துளை பக்கத்து இடத்துக்குப் போய்விடுகிறது. உண்மையில் நகர்வது எலக்ட்ரான். ஆயினும் துளையே நேர்மின்னூட்டத்தைச் சுமந்து எதிர்த்திசையில் நடப்பதாகக் கொண்டால் கணக்கு எளிதாகிறது, சரியாகவும் வருகிறது.

கிழக்கேகோட்டையில் நிற்கும் பேருந்தை உதாரணமாகச் சொல்வேன். முன்னிருக்கைக்காரர் இறங்குகிறார். பின்னால் இருந்தவர் அங்கே மாறுகிறார். அவருக்கும் பின்னால் இருந்தவர் அவருடைய இடத்துக்கு வருகிறார். மனிதர்கள் முன்னே வர, காலியிடம் பின்னே போகிறது.

வகுப்பு முழுவதும் தலையசைக்கும். ஓராண்டு, கடைசி வரிசைப் பெண் ஒருத்தி மட்டும் அசைக்கவில்லை.

"சார், காலி சீட்டு எங்கேயாவது எறங்கிப் போகுமா, இல்லே பஸ்ஸுக்குள்ளயே சுத்துமா?"

வகுப்பு சிரித்தது. பின்வாசலில் ஒருவர் ஏறி அதில் உட்கார்ந்தால் காலியிடம் இறங்கிப் போய்விட்டது என்றே பொருள் என்று விடை சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள், நம்பினாளா என்று தெரியாது. நம்பாதவர்கள்மீது எனக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டு.

எங்கள் மாடிப் பலகையிலும் நடப்பது இதன் தொடர்ச்சிதான். வெயில் பட்டதும் எலக்ட்ரானும் துளையும் இணையாகப் பிறக்கின்றன. இருவகைச் சிலிக்கான் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் இருக்கிறது. அது ஒன்றை இந்தப் பக்கமும் மற்றொன்றை அந்தப் பக்கமும் தள்ளிவிடுகிறது. அவை மறுபடி சேரவேண்டுமானால் வெளிக்கம்பி வழியாக ஒரு சுற்றுப்பாதை வேண்டும். அந்தப் பாதையின் நடுவில் விளக்கையோ விசிறியையோ வைத்து நாம் பயன் பெறுகிறோம். பக்கத்து வீட்டிலிருந்து இழுக்கும் வித்தை எதுவும் அதில் இல்லை.

செய்முறைத் தேர்வில் டையோடின் வரைகோட்டைப் போடச் சொல்வோம். மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, முதலில் ஏதும் நடவாது. ஓர் அளவு கடந்தபின் மின்னோட்டம் செங்குத்தாக ஏறும். உண்மையாக அளந்தவனின் புள்ளிகள் கோட்டுக்கு இங்கும் அங்கும் சிதறிக்கிடக்கும். எல்லாப் புள்ளியும் கோட்டின்மேலேயே அமர்ந்திருந்தால், அது பக்கத்து மேசையிலிருந்து வந்தது என்று அறிந்துகொள்வேன்.

கோமதியின் குற்றச்சாட்டு அப்படித்தான் இருந்தது. மிஷின் ஓடத் தொடங்கினால் நம் வீடு அணைகிறது, ஆகவே திருடுகிறார்கள். மன்னியின் குற்றச்சாட்டும் அப்படியே. பின்னறையில் சிறிய எல்.இ.டி. இரவுவிளக்கைப் போட்டால் ஒன்றும் ஆவதில்லை. மிஷினைப் போட்டால் நின்றுவிடுகிறது.

"சின்ன வெளக்குக்கு அவனுக்கு மனசு வரது. மிஷினுக்குத்தான் வரல்லே" என்று அவள் அண்ணாவிடம் சொன்னது சுவர்வழியாக எனக்கே கேட்டது.

இரண்டிலும் ஒரு புள்ளிகூடச் சிதறவில்லை. ஆகவே இரண்டையும் நான் நம்பவில்லை.

அணைந்த வீட்டில் எரிந்த டெஸ்டர்

ஷிபு என்ற மின்பணியாளரை அழைத்தேன். முன்பு சொன்ன அதே பிற்பகல்தான். காவற்கருவி விழுந்தபடியே இருந்தது. வேண்டுமென்றே அதை நிமிர்த்தாமல் வைத்திருந்தேன். வீட்டில் எங்கும் மின்சாரம் இல்லை.

ஷிபு கூடத்துப் பிளக்கின் ஒரு துளையில் டெஸ்டரைச் செருகினார். அதன் கைப்பிடிக்குள் செந்நிற ஒளி தெரிந்தது. அடுத்த துளையில் செருகினார். அங்கும் தெரிந்தது.

"சாரே, சங்ஙதி ஓஃப் ஆணு. பக்ஷே கரண்டு உண்டு. ரெண்டிலும் உண்டு."

"சோலார்லேர்ந்து வரதோ?" என்றாள் கோமதி.

"அதும் ஓஃப் ஆக்கிட்டேன் அம்மா. இது எவிடந்நு வருந்நு?" எங்கிருந்து வருகிறது என்று அவருக்கே புரியவில்லை. டெஸ்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஷிபு ஓரடி விலகி நின்றார்.

அப்போது மன்னியின் குரல் மறுபடி கேட்டது. "ஸ்விட்சைப் போட்டேதான் வெச்சிருக்கேன். அவனுக்கா மனசு வந்தா ஓடட்டும்."

எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது.

மின்சாரத்துக்குப் போகும் கம்பி ஒன்று, திரும்பும் கம்பி ஒன்று. காவற்கருவி செய்வதெல்லாம் ஒன்றே: போன அளவும் திரும்பிய அளவும் சமமா என்று ஒவ்வொரு கணமும் ஒப்பிட்டுப் பார்ப்பது. சிறு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால், இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டித்துவிடும். ஐயப்படுவதற்கென்றே செய்த கருவி அது. யார் உடம்பின் வழியாகவோ, எந்த ஈரச்சுவரின் வழியாகவோ மின்சாரம் கசிகிறது என்றுதான் அதற்குத் தோன்றும்.

இங்கே போனதைவிடத் திரும்பியது மிகுதி. அதாவது, அண்ணாவின் பின்னறைக்குப் போகும் கம்பி அவர்களுடையது. அங்கிருந்து திரும்பும் கம்பியோ சுவருக்குள் எங்கோ எங்கள் கம்பியோடு சேர்ந்திருந்தது. இரவுவிளக்கின் அற்ப மின்னோட்டத்தைக் கருவி கண்டுகொள்ளவில்லை. மிஷினுடையதைக் கண்டுகொண்டது. அது துண்டித்தவுடன் எங்கள் வீடும் அணைந்தது. திரும்ப வழியில்லாமல் மிஷினும் நின்றது. மிஷினைக் கடந்துவந்த அவர்களுடைய மின்சாரம் எங்கள் கம்பிகள் எங்கும் வழியறியாது நின்றது. டெஸ்டரில் எரிந்தது அதுதான்.

கோமதியிடம் சொன்னேன். அவள் முதலில் ஷிபுவைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்போ அவா கரண்டுன்னா நம்மாத்துலே இருக்கு? நாம திருடினதா ஆயிடுமே."

"யாரும் திருடல்லே."

"அதை நீங்கோ சொன்னா அவா நம்பணுமே."

மன்னியின் பரிசோதனை

அவர்களுடைய நிலைப்படியில் நான் நின்றபோது மன்னி கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளிருந்து மருந்தும் சாம்பிராணியும் கலந்த வாசனை வந்தது. ஷிபு என் பின்னால் நின்றார். சுவரைச் சற்றுத் திறந்து கம்பியைப் பிரித்தால் போதும், அரைநாள் வேலை என்றேன்.

"கொள்ளாம், நன்னா இருக்கு. அணைக்கறதும் நீ. சரியாக்க வரதும் நீ. நாளைக்கு இந்த ரூமும் என்னோடதுன்னு ஒரு பேப்பரோட வருவே."

"மன்னி, நான் அணைக்கல்லே. ஒரு தரம் போட்டுப் பாருங்கோ, நான் இங்கேயே நிக்கறேன்."

"நீ இங்கே நிப்பே. அங்கே உன் பொண்டாட்டி நிப்பா."

"அவளையும் கூப்பிடறேன்."

"பூட்டிண்டு வரச் சொல்லு. சாவி என் கையிலே இருக்கணும்."

மன்னி மிஷினின் ஸ்விட்சை அணைத்தபின் ஷிபு போய்க் கருவியை நிமிர்த்திவைத்தார். கோமதி வீட்டைப் பூட்டி, சாவியை மன்னியின் கையில் வைத்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மன்னி எங்களை வரிசையாகக் கூடத்தில் உட்காரவைத்தாள்.

"ஃபோனையெல்லாம் எடுங்கோ."

"ஃபோன் எதுக்கு?"

"எதிராத்துப் பையன் ஃபோனைத் தடவியே ஃபேன் போடறான். எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியோ?"

மூன்று கைப்பேசிகளையும் வாங்கி, அடுக்களையிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடியை அழுத்தினாள். உலோகக் கலத்துக்குள் அலைகள் எளிதில் புகா என்பதை அவள் எண்ணியிருக்கமாட்டாள். ஒளித்துவைத்தால் போதும் என்றுதான் எண்ணியிருப்பாள். என் ஆய்வுக்கூடத்தில் ஒருநாளும் இத்தகைய கண்டிப்பான ஏற்பாட்டை நான் செய்ததில்லை.

மன்னி பின்னறைக்குப் போனாள். மிஷின் ஒருமுறை உறுமி நின்றது. அவள் வெளியே வந்து, எங்களைத் தாண்டி, சாவியோடு எங்கள் வீட்டுக்குத் தனியாகப் போனாள். அவளுடைய கால் அந்தப் படியில் பட்டு எத்தனையோ காலமாயிற்று. சற்றுப் பொறுத்துத் திரும்பினாள்.

"விழுந்துதான் கெடக்கு" என்றாள். பிறகு, "முதல்லயே விழுத்தி வெச்சிருந்தா?"

ஷிபு தலையில் கைவைத்தார். இந்தத் தடவை மன்னியே மிஷினை அணைத்துவிட்டுப் போய், கருவியைத் தன் கையால் நிமிர்த்தி, எங்கள் கூடத்து விளக்கை எரியவிட்டு, பூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் சன்னலில் வெளிச்சம் தெரிகிறது என்பதைத் தெருவில் நின்று உறுதி செய்தாள். மிஷினைப் போட்டாள், சன்னல் இருண்டது. மிஷினை நிறுத்தி, கருவியை மறுபடி நிமிர்த்திவைத்துவிட்டு வந்து, தன் கூடத்து விளக்கையும் விசிறியையும் போட்டாள். எங்கள் சன்னல் இருளவில்லை. திருப்தி வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துபார்த்தாள்.

"அப்போ இந்த ரூமுக்குத்தான் என்னமோ இருக்கு" என்றாள் கடைசியில். எங்கள்மீது ஏதும் இல்லை என்று அவள் சொல்லவில்லை. அதை நானும் எதிர்பார்க்கவில்லை.

அண்ணாவின் கேள்வி

"கிட்டு" என்று உள்ளிருந்து மெல்லிய குரல் என்னை அழைத்தது.

உருளையிலிருந்து வந்த குழாய் மூக்கில் இருக்க, அண்ணா தலையணைகளில் சாய்ந்திருந்தார். மன்னியைக் காப்பி போடச் சொல்லி அனுப்பினார். கோமதி கூடத்திலேயே இருந்தாள்.

"அந்தக் கம்பியை அங்கே சேர்க்கச் சொன்னது நான்தான்."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"செவரு எழுப்பறச்சே ஒயர் பிரிக்க ஒரு மிஸ்திரி வந்தானே. கிட்டு பக்கத்துலேர்ந்து ஒரு கம்பி இந்த ரூமுக்கு எடுத்துக் குடுடா, யாருக்கும் சொல்லாதேன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்பா மாடி உள்ள பாதியை ஒனக்கு எழுதிட்டார். எனக்கு ஓட்டுப் பாதி. ஒன்னோடது ஒண்ணாவது எனக்கும் வரட்டும்னு ஒரு குத்தல்."

"அதுக்கா எங்காத்துக்கு வராம இருந்தே?"

"பின்னே? உன் கரண்டை எரிச்சுண்டு, உன்னாத்துலே வந்து எப்படி காப்பி குடிக்கறது? கோமதி சொல்றதெல்லாம் செவத்துக்கு இந்தப் பக்கம் கேக்கறது. அவ சொல்றது சரிதான்."

அந்த மிஸ்திரியை எண்ணிப்பார்த்தேன். இரண்டு வீட்டின் போகும் கம்பிகளை ஒரே அறையில் சந்திக்கவிட அவனுக்கு அச்சமாக இருந்திருக்கலாம். அல்லது இப்படிப்பட்ட அண்ணன் தம்பிகளைப் பல வீடுகளில் பார்த்தவனாக இருக்கலாம். கேட்டவரின் மனம் நிறைய ஒரு கம்பியை இழுத்தான். திரும்பும் கம்பியை இழுத்தான். அது சூழ்ச்சியா, கருணையா, சோம்பலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"அண்ணா, அது திரும்பற கம்பி. போற கம்பி உன்னோடது. மீட்டர் போற கம்பியிலேதான் அளக்கும். மாடியிலே பேனல் வரவரைக்கும் எங்காத்துலயும் உன்னோடது மாதிரி வட்டு சுத்தற மீட்டர்தான், திரும்பற கம்பியை அது பார்க்காது. இந்த ரூம்ல எரிஞ்ச வெளக்கெல்லாம் உன் கணக்குலேதான் எரிஞ்சிருக்கு. நீ என்கிட்டேர்ந்து எதையும் எடுக்கல்லே."

அண்ணா உதட்டைப் பிதுக்கினார்.

"நீ வாத்தியார். அழறவனுக்கெல்லாம் மார்க் போட்டு அனுப்பிடுவே."

"நான் அப்படி யாருக்கும் போட்டதில்லே."

"தெரியும். ஆனா நான் படுத்துண்டிருக்கேனே." குழாயைச் சரிசெய்துகொண்டார். "வேற யாரையாவது எங்க மீட்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்லு."

"மன்னியை அங்கே நிக்கச் சொல்லட்டுமா?"

"அவ என் பக்கம் பேசுவா. நீ பாவம் பார்ப்பே. கோமதியை நிறுத்து. எனக்கு அனுகூலமா அவ வாயாலே ஒரு வார்த்தை வந்ததில்லே."

எங்கள் காவற்கருவியை ஷிபு சற்றுநேரம் விலக்கி, கம்பிகளை நேராக இணைத்தார். அண்ணாவின் வீட்டில் மற்ற விளக்குகளையும் விசிறிகளையும் குளிர்பெட்டியையும் நிறுத்தினோம். காரணம் எதுவும் சொல்லாமல், கோமதியை அவர்களுடைய வாசல் மீட்டருக்கு முன் நிற்கவைத்தேன். உள்ளே இருக்கும் வட்டு சுழன்றால் சொல்லவேண்டும், நின்றால் சொல்லவேண்டும்.

பின்னறைக்கு வந்து மிஷினைப் போட்டேன். அது உறுமியது. இந்தத் தடவை நிற்கவில்லை. சீராகப் பெருமூச்சுவிடத் தொடங்கியது.

"சுத்தறது" என்றாள் கோமதி வாசலிலிருந்து.

நிறுத்தினேன்.

"நின்னுடுத்து."

மறுபடி போட்டேன்.

"சுத்தறது. நன்னாவே சுத்தறது." பிறகு, தான் எதிர்பார்த்தது கிடைக்காத குரலில், "இவாளோட மீட்டர்தான்" என்றாள்.

அண்ணாவின் கை போர்வைமேல் அசையாமல் இருந்தது.

"இன்னொரு தரம் சொல்லச் சொல்லு."

நான் கூப்பிட்டுச் சொன்னேன்.

"எத்தனை தரம் சொல்றது?" என்று வாசலிலிருந்து எரிச்சலோடு வந்தது பதில். "உங்களோடதுதான், உங்களோடதேதான், எங்களோடது இதிலே ஒண்ணும் இல்லே. மதியா, போறுமா?"

அண்ணா கண்களை மூடிக்கொண்டார். மிஷினின் குழாயை அவருடைய மூக்கில் நான் மாற்றிவைத்தபோது தடுக்கவில்லை.

"இப்போ அந்தக் கம்பியைப் பிரிக்கச் சொல்லு" என்றார்.